முதுமைக்கு உகந்த பகுதிக்குக் குடிவர நினைக்கும் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

ஓய்வுபெற்ற மாநகரப் பேருந்து ஓட்டுநரும் தங்கள் மகளின் மாமனாருமாகிய அடியேன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் இரண்டு முழங்கால்களும் தங்கள் சம்பந்தியம்மாளின் இடது தோளும் நீங்கலாக மற்ற உறுப்புகள் யாவும் சௌக்கியம். அங்கே தங்களுடைய உறுப்புகளும் தங்கள் துணைவியாருடைய உறுப்புகளும் எவ்வாறு உள்ளன என்பதைத் தனித்தனியே அறிய ஆவலாக இருக்கிறேன். தாங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். நான் ஸ்டியரிங் பிடித்த கையால் பேனா பிடிக்கிறவன். ஆகவே எங்காவது ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால், திருப்பத்தில் லேசாக உரசிவிட்ட வண்டி என்று நினைத்து மன்னிக்க வேண்டும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் குடியிருப்பை ‘முதுமைக்கு உகந்த முன்மாதிரிப் பகுதி’ என்று பத்திரிகையில் போட்டிருந்ததைப் படித்ததாகவும், மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்குவது இப்போது தங்கள் இருவருக்கும் பெரும்பாடாக இருப்பதாகவும், எங்கள் எதிர்வீடு காலியாக இருக்கிறது என்று தங்கள் மகள் போனில் சொன்னதிலிருந்து இங்கேயே வந்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. மகிழ்ச்சி என்று எழுதியாகிவிட்டது, இனி உண்மையை எழுதுகிறேன். பத்திரிகையில் வந்த படத்தில் பெஞ்சு தெரிகிறது, மரம் தெரிகிறது, பல்செட்டோடு சிரிக்கிற கிழவர்கள் தெரிகிறார்கள். அந்தப் படம் எடுப்பதற்கு முன்னால் என்னவெல்லாம் நடந்தது என்பது படத்தில் தெரியாது. அதை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, வருவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் நான் வற்புறுத்தவில்லை.

எல்லாம் ஒரு கூட்டத்தில் ஆரம்பித்தது. நகராட்சியிலிருந்து ஒரு திட்ட அதிகாரி வந்தார். இருபத்தெட்டு வயது, இஸ்திரி கலையாத சட்டை, நல்ல பிள்ளை. வாயைத் திறந்தால் ‘கொள்கை அடிப்படையில்’ என்றுதான் தொடங்குவார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட, ‘கொள்கை அடிப்படையில் வேண்டாம்னு இல்ல’ என்பார். அதனால் எங்கள் பிளாக்கில் அவருக்குக் கொள்கை என்றே பெயர் வந்துவிட்டது. இந்தக் கொள்கை, முதியோர்களின் குறைகளைக் கேட்பதற்காக ஒரு கூட்டம் போட்டார். எங்கே போட்டார் தெரியுமா? சமூகக் கூடத்தின் இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. நடப்பதற்குச் சிரமப்படுகிறவர்களின் குறைகளைக் கேட்க அவர் மேலே உட்கார்ந்திருக்கிறார், குறைகள் எல்லாம் கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகின்றன. பாதிப் பேர் முதல் மாடியிலேயே நின்று ஒருவருக்கொருவர் தங்கள் குறையைச் சொல்லி முடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். நான் எப்படியோ இரண்டாம் மாடிக்குக் கீழே உள்ள திருப்பம் வரைக்கும் போய்விட்டேன். அதற்குமேல் இன்ஜின் இழுக்கவில்லை. “யாராவது ஒரு சேர் கொண்டாங்கப்பா!” என்று கத்தினேன். பேருந்தின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டுப் பழகிய குரல் அல்லவா, அது மேலே கூடம் முழுக்க எதிரொலித்திருக்கிறது. கொள்கை துள்ளிக் குதித்து வெளியே வந்தார்.

“அருமையான யோசனை! உக்கார இடம் இல்லாததுதான் பிரச்சினை. அதனாலதான் பெரியவங்க வெளியவே வர்றதில்ல. இதைச் சொன்னது யாரு?”

“நான்தான். இப்ப எனக்கு ஒரு சேர்…”

“ஐயாதான் இனிமே முதியோர் பிரதிநிதி!”

எல்லோரும் கை தட்டினார்கள். சேர் மட்டும் கடைசிவரை வரவில்லை.

அடுத்த வாரத்தில் பெஞ்சுகள் வந்து இறங்கின. சம்பந்தி, ஒரு பகுதியில் இத்தனை பெஞ்சுகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒப்பந்தக்காரர் வரைபடத்தில் புள்ளி தெரிந்த இடத்திலெல்லாம் பெஞ்சு போட்டுவிட்டார். அதில் பாதிப் புள்ளி மரம் நட வேண்டிய இடங்களாம். காலையில் நடைப்பயிற்சிக்கு என்று ஏழெட்டுப் பேராகக் கிளம்புவோம். வாசலைத் தாண்டியதும் ஒரு பெஞ்சு. போட்டிருக்கிறார்களே, உட்காராமல் போனால் நன்றாக இருக்காது என்று உட்காருவோம். எழுந்து திரும்பினால் அடுத்தது. பூங்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், அப்படியே திரும்பி வருவோம், திரும்பும் வழியிலும் பெஞ்சுகள் இருக்கின்றன அல்லவா. “நடைப்பயிற்சின்னு சொல்லிட்டுப் போறீங்க, ஊர்ல இருக்கிற பெஞ்சை எல்லாம் தேய்ச்சுட்டு வர்றீங்க” என்று தங்கள் சம்பந்தியம்மாள் சொன்னாள். இதுகூடப் பரவாயில்லை. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பெஞ்சு. அதில் பின் பிளாக் அம்மாக்கள் மூன்று பேர் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்கள். நான் பாத்திரம் தேய்த்தால், “அடி பிடிச்ச சட்டிக்குக் கொஞ்சம் ஊற வெக்கணும் அண்ணே” என்று வெளியிலிருந்து யோசனை வருகிறது. நான் தும்மினால் மூன்று திசையிலிருந்து மூன்று வைத்தியம் வருகிறது. தனிமை முதியோரைக் கொல்கிறது என்று கொள்கை ஒரு கூட்டத்தில் சொன்னார். எனக்கு அந்தப் பாக்கியம் இனி கிடைக்காது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிளாக்குக்கு எதிரே பெரிய சாலை. சாலைக்கு அந்தப் பக்கம்தான் பூங்கா, மருந்துக்கடை, இலவசமாகப் பிரஷர் பார்க்கிற கிளினிக் எல்லாமே. சாலையைக் கடக்க ஒரு சிக்னல் இருக்கிறது. அதில் நடக்கிறவர்களுக்கான பச்சை அப்போதெல்லாம் எரிந்த நேரத்தைப் பார்த்தால், எரிந்ததா, கண் சிமிட்டியதா என்று சந்தேகம் வரும். காலைத் தூக்கிக் கீழே வைப்பதற்குள் சிவப்பு. நடுத்திட்டில் நிற்கவேண்டும், இருபுறமும் லாரி போகும், வேட்டியோ சேலையோ எது கட்டியிருந்தாலும் கொடியாகப் பறக்கும். அதற்குப் பயந்துகொண்டு எங்களில் பல பேர் சாலையைக் கடப்பதையே விட்டுவிட்டோம். நான் பிரஷர் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் மாடிவீட்டுத் தையல் மாஸ்டர், எதிர்ப்பக்கம் இருக்கும் தன் சொந்தத் தம்பியோடு சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தே உறவு கொண்டாடிவந்தார். பெஞ்சு போட்டது போதும், அந்தப் பச்சையைக் கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள் என்று பிரதிநிதி என்ற முறையில் நான் கொள்கையிடம் கேட்டேன். அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து பார்த்தார்.

“சார், கொள்கை அடிப்படையில பார்த்தா, ஒரு சராசரி மனுஷன் அந்த நேரத்துக்குள்ள தாராளமா கடந்துடுவார்.”

காபி கொண்டுவந்த தங்கள் சம்பந்தியம்மாள் அப்படியே நின்றாள். “அந்தச் சராசரி மனுஷன் எங்க குடியிருக்கார் தம்பி? எங்க பிளாக்ல அப்படி யாரும் இல்லையே.”

“இல்லம்மா, அது ஒரு கணக்கு…”

“கணக்கு ரோட்டைக் கடக்காதுப்பா. நீங்க ஒரு நாள் எங்க காலை வாங்கி மாட்டிக்கிட்டு நடந்து பாருங்க.”

அவள் கோபத்தில் சொன்னாள். அவர் அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டார்! மறுநாள் காலை ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குள் ஓர் உடுப்பு. முதுமை உடுப்பாம், அதைப் போட்டுக்கொண்டால் இளைஞருக்கும் கிழவரின் உடம்பு எப்படியிருக்கும் என்று புரியுமாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். கணுக்காலில் மணல் மூட்டை. முழங்கால் மடங்காமலிருக்கப் பட்டை. முதுகை வளைத்து இழுக்கிற வார், அதன் கொக்கிகள் எல்லாம் பின்பக்கம். கழுத்து திரும்பாமலிருக்க ஒரு பட்டை. கையில் விரல் மடங்காத தடித்த உறை. காது அடைப்பு. மஞ்சள் கண்ணாடி, அதில் பார்த்தால் உலகமே புகை மூட்டமாகத் தெரியும். தூசிக்காக ஒரு முகமூடியும், வெயிலுக்காகக் குரங்குக் குல்லாய் போன்ற ஒரு தொப்பியும் தாமாகவே சேர்த்துக்கொண்டார். வார்களை இழுத்துப் பூட்டியவன் நான்தான். ஒரே நிறுத்தத்தில் ஐம்பது வயது ஏறி உட்கார்ந்ததுபோல் ஆகிவிட்டார் மனிதர். “எப்படித் தம்பி இருக்கு?” என்று கேட்டேன். “எ ன் ன து?” என்றார். சரி, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கூடவே போய் வழிகாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வாசலுக்கு வந்ததும் என் கண்ணாடியை மறந்துவிட்டது தெரிந்தது. “இங்கயே நில்லுங்க, இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் காதில் அடைப்பு இருப்பதை நான் மறந்தேன். கண்ணாடி எங்கே என்பதையும் மறந்தேன். அது குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்தது, யார் வைத்தார்கள் என்று கேட்டதில் சிறிது விவாதம் ஏற்பட்டு, விவாதத்தின் முடிவில் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லி எனக்குத் தீர்ப்பானது. திரும்பி வந்து பார்த்தால் வாசல் காலி. கொள்கையைக் காணோம்.

அவருக்கு என்ன நடந்தது என்று பிறகு அவரே சொன்னார். சாலையில் இறங்கியிருக்கிறார். பச்சை எரிந்தது தெரியவில்லை, பக்கத்தில் போனவர்களைப் பார்த்துக் காலை எடுத்து வைத்திருக்கிறார். நடுத்திட்டுக்குப் போவதற்குள் சிவப்பு. ஒரு பேருந்து அவர் மூக்கின் முன்னால் வந்து நின்று, அதன் ஓட்டுநர் தலையை நீட்டி அவருடைய குலம் கோத்திரம் பற்றியெல்லாம் விசாரித்திருக்கிறார். காது அடைப்பினால் அதில் முக்கால்வாசி கேட்கவில்லை, அது இறைவன் செயல். நடுத்திட்டில் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடுத்த பச்சைக்கும் அதற்கடுத்த பச்சைக்கும் நகராமல் நின்றிருக்கிறார். காய்கறிப் பையோடு வந்த ஒரு புண்ணியவதி பார்த்து, “கிளினிக்குக்குத்தானே தாத்தா? வாங்க” என்று கையைப் பிடித்துவிட்டாள்.

“நான் தாத்தா இல்லம்மா. நான் அதிகாரி!”

“சரி தாத்தா. மெதுவா காலை வைங்க.”

நேரே கொண்டுபோய் கிளினிக் நர்ஸம்மாவிடம் ஒப்படைத்துவிட்டாள். “பாவம், யார் பெத்த பிள்ளையோ… இல்ல, யாரைப் பெத்தவரோ, நடு ரோட்டுல நிக்கிறார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நர்ஸம்மா நல்லவர், வேலையில் கெட்டிக்காரர், ஆனால் காலையிலிருந்து வரிசையில் நிற்கும் கிழவர்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனவர்.

“நான் அதிகாரிங்க” என்றார் கொள்கை.

“ஆமா ஆமா. இங்க வர்ற எல்லாரும் ஒரு காலத்துல அதிகாரிதான். வயசு என்ன பெரியவரே?”

“இருபத்தெட்டு.”

நர்ஸம்மா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ எழுதினார்.

“வீட்டுல சம்சாரம் இருக்காங்களா?”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க.”

“அடப்பாவமே. சம்சாரத்தையே மறந்துட்டார் டாக்டர்.”

“இதைக் கழட்டுங்க! இதெல்லாம் போட்டது, நிஜம் இல்ல! கழட்டினா நான் சின்னப் பையன்!” என்று அவர் கத்த, வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் தோணுது” என்று ஆமோதித்திருக்கிறார். போனை எடுக்கலாம் என்றால் அது உடுப்புக்கு உள்ளே கால்சட்டைப் பையில் இருக்கிறது, உறை போட்ட விரல் போகவில்லை. வாய்ப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவருடைய அம்மாவின் எண். நர்ஸம்மா கூப்பிட்டு, “உங்க வீட்டுப் பெரியவர் ஒருத்தர் இங்க இருக்கார்” என்றிருக்கிறார். அந்த அம்மா, “எங்க வீட்டுல பெரியவங்கன்னு யாரும் இல்லைங்களே, நானும் என் பையனும்தான், அவனும் ஆபீஸ் போயிருக்கான்” என்று வைத்துவிட்டார். ஆகவே கொள்கை ஆதரவற்றவர் என்று முடிவாகி, அவரை ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள்.

இங்கே நான் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள் சம்பந்தி, இப்படி ஒருவரை எப்படி விசாரிப்பது? “சின்னப் பையன் ஒருத்தர், பாக்க வயசானவர் மாதிரி இருப்பார், கண்டீங்களா?” என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். ஜன்னலுக்கு எதிரே இருக்கும் மூன்று அம்மாக்களும், “அண்ணனுக்குத் தூக்கம் போதல” என்று நோயையே கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலரிடம் போனேன்.

“காணாமப் போனவருக்கு என்ன வயசு?”

“இருபத்தெட்டு. ஆனா பாத்தா எண்பது சொல்லலாம்.”

“உங்களுக்கு அவர் என்ன உறவு?”

“அவருக்கு நான் பிரதிநிதி.”

காவலர் என் தோளில் மெதுவாகக் கை வைத்தார். “வீட்டு அட்ரஸ் ஞாபகம் இருக்கா பெரியவரே?” என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! இந்த ஊரின் ஒவ்வொரு நிறுத்தமும் வரிசைப்படி எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி, நிரூபிப்பதற்காக என் பழைய தடத்தின் நிறுத்தங்களைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. காவலர் போக்குவரத்தை நிறுத்தி, என்னைக் கைத்தாங்கலாகச் சாலையைக் கடத்தி, அதே கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார். ஒரு வருடமாக நான் கடக்க முடியாத சாலையை அன்றைக்குத்தான் ராஜமரியாதையோடு கடந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். நர்ஸம்மா பிரஷர் பார்த்தார். கருவியின் முள் எங்கேயோ போய் நின்றது. “இவ்வளவு வெச்சுக்கிட்டு ஏன் இத்தனை நாள் வரல?” என்று என்னைக் கேட்காமல் காவலரைக் கேட்டார். காவலர், “தெரியலையே மேடம்” என்றார். என்னையும் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு கிழவர் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி!”

“எ ன் ன து?”

எழுந்து போய் அவருடைய ஒரு காது அடைப்பை விலக்கினேன். உறை போட்ட கையை என் கைமேல் வைத்தார். “சார், யாருமே என்கிட்டப் பேச மாட்டேங்கிறாங்க. என்னைப் பத்திப் பேசறாங்க. கேள்வி எனக்கு, பதிலைப் பக்கத்துல நிக்கிறவங்ககிட்டக் கேக்கறாங்க. நான் என்ன சொன்னாலும் சரி சரிங்கறாங்க, ஆனா காதுல போட்டுக்கவே இல்ல.” முகமூடிக்குள் மூக்கை உறிஞ்சினார். “பழகிடும் தம்பி” என்றேன். “பழகக் கூடாது சார்” என்றார் அவர். கொள்கை அடிப்படையில் என்று சொல்லாமல் அந்தப் பிள்ளை பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கிளினிக்கிலிருந்து கூப்பிட்டதும் தங்கள் சம்பந்தியம்மாள் வந்து சேர்ந்தாள். காவலர் அவளுக்கும் போக்குவரத்தை நிறுத்தினாராம். “உங்க வீட்டுப் பெரியவங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க” என்றார் நர்ஸம்மா. “ரெண்டா? எனக்கு ஒண்ணுதானேம்மா?” என்று பதறிப்போய் வந்தவள், கட்டிலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். கொக்கிகளைப் பின்பக்கமிருந்து படபடவென்று கழற்றினாள். தொப்பி போயிற்று, முகமூடி போயிற்று, கண்ணாடி போயிற்று, கழுத்துப்பட்டை போயிற்று, முதுகு வார் அவிழ்ந்தது. வளைந்து கிடந்த கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கறுகறுவென்று முடி, மழமழவென்று கன்னம். நர்ஸம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார்.

வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை கிழவர்களும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உள்ளே போனபோது எண்பது, இப்போது இருபத்தெட்டு. பிறகு ஒரு பாட்டையா தடியை ஊன்றி எழுந்தார்.

“நர்ஸம்மா, இவருக்கு என்ன மருந்து குடுத்தீங்க?”

“ஒண்ணுமே குடுக்கலைங்க!”

“எங்களுக்கு மட்டும் ரெண்டு வருஷமா அதே வெள்ளை மாத்திரை. ஆள் பாத்துக் குடுக்கறீங்களா?”

அவ்வளவுதான். வரிசை கலைந்தது. எனக்குப் பாதி டோஸ் போதும், நாற்பது வயது வந்தால் நிறுத்திக்கொள்கிறேன் என்றார் ஒருவர். எனக்கு வேண்டாம், என் வீட்டுக்காரருக்குக் குடுங்க, இல்ல வேண்டாம், அப்புறம் அவரை யார் காவல் காக்கிறது என்றார் ஓர் அம்மாள். கொள்கையைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை பயந்துபோய் எழுந்து வெளியே ஓடியது. ஆனால் கணுக்கால் மணல் மூட்டையையும் முழங்கால் பட்டையையும் இன்னும் கழற்றவில்லை! அவர் முன்னால் உயிரைக் கொடுத்து ஓடுகிறார், இவர்கள் பின்னால் உயிரைக் கொடுத்துத் துரத்துகிறார்கள், இருவருக்கும் இடையிலுள்ள தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை நிதானமான ஓட்டப்பந்தயத்தை நான் பார்த்ததில்லை. நானும் தங்கள் சம்பந்தியம்மாளும் “நில்லுங்க, நில்லுங்க” என்று பின்னாலேயே போனோம். எல்லோருமாகச் சாலையில் இறங்கினோம். நாங்கள் இறங்கும்போது பச்சைதான், சத்தியமாகச் சொல்கிறேன். நடுவில் போகும்போது சிவப்பு. முன்பானால் ஒருவர் இருவர் பயந்து கம்பத்தைப் பிடித்திருப்போம். அன்றைக்கு நாற்பது பேர், தடியோடும் நடைவண்டியோடும் பையோடும். யாரும் சிவப்பைப் பார்க்கவே இல்லை, மருந்தைத்தான் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது, கேட்கிற காது உள்ளவர்களுக்கு.

முதல் வண்டி எது தெரியுமா? நகராட்சித் தலைவியம்மாவின் கார். அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

“என்ன போராட்டம் இது? யார் தலைமை?”

அத்தனை விரல்களும் என் பக்கம் திரும்பின.

“உங்க கோரிக்கை என்ன?”

“மருந்து!” என்று பாட்டையா கத்தினார்.

“பச்சை விளக்கு!” என்று கொள்கை கத்தினார். மூச்சு வாங்கியது, தலை கலைந்திருந்தது, இஸ்திரி போன இடம் தெரியவில்லை. “அம்மா, நான் நம்ம ஆபீஸ்தான். சராசரி மனுஷனுக்குன்னு கணக்குப் போட்டு இந்த சிக்னலுக்குக் கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு அந்தக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேம்மா. சராசரி மனுஷன் ஒருத்தர்கூட வரல. இவங்கதான் வந்தாங்க.” அதற்குமேல் பேச முடியாமல் ஜீப்ரா கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு இல்லாத ஒரே இடம் அதுதான்.

தலைவியம்மா யோசித்தார். ஆராய்வோம், குழு அமைப்போம் என்று ஆரம்பித்தார். அப்போது காரின் பின் கண்ணாடி மெதுவாக இறங்கியது. உள்ளே வெள்ளைத் தலையோடு ஓர் அம்மாள். “ஏண்டி, போன வாரம் இந்த ரோட்டைக் கடக்க மாட்டாம நான் திரும்பி வந்தேன்னு உங்கிட்டச் சொன்னேனா இல்லையா? அப்பவும் ஆராயறேன்னுதான் சொன்ன!” தலைவியம்மாவைப் பெற்றவர்.

அந்த வாரமே பச்சை நீண்டது. கூட்டங்கள் தரைத்தளத்துக்கு வந்தன. பாதிப் பெஞ்சுகளை எடுத்துவிட்டு, அந்தக் குழிகளில் மரங்களை நட்டார்கள். இனிமேல் நகராட்சியில் சாலைக்கும் படிக்கும் வரைபடம் போடுகிற எவரானாலும் ஒரு நாள் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு எங்கள் பகுதியில் நடந்தே தீரவேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள். தையல் மாஸ்டர் தன் தம்பி வீட்டுக்குப் போய்வந்தார், முதல் நாளே சண்டை போட்டுக்கொண்டு திரும்பினார், அது வேறு விஷயம். இதைத்தான் பத்திரிகையில் போட்டார்கள். இதைத்தான் தாங்கள் படித்தீர்கள்.

எல்லாம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இங்கே வாழ்கிறவனுக்குத்தான் தெரியும். பச்சை இப்போது எவ்வளவு நேரம் எரிகிறது என்றால், எங்கள் ஆட்கள் சாலையின் நடுவில் நின்று பேரன் பேத்திகளின் விவரம் முழுவதையும் பேசி முடிக்கிறார்கள். என் பழைய டெப்போ ஓட்டுநர்கள் ஜன்னல் வழியே, “அண்ணே, ஓட்டுற காலத்துல மஞ்சளுக்கே நிக்க மாட்டீங்க, இப்ப எங்களை ஊற வெக்கறீங்களே!” என்கிறார்கள். நர்ஸம்மா வாரந்தோறும் என்னைத் தேடி வந்து பிரஷர் பார்க்கிறார், ஒளிந்துகொள்ள இடமில்லை, ஒளிந்தால் மூன்று அம்மாக்கள் காட்டிக்கொடுக்கிறார்கள். நிம்மதியாகச் சோர்ந்து உட்கார முடியவில்லை. வயதானவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வேலையையும் தட்டிக்கழிக்க முடியவில்லை. அமைதி விரும்பியான தங்களுக்கு இது ஒத்துவராது. தவிர, முதியோர் குழுவுக்குத் தலைவர் தேர்தல் வருகிறது. நான் பதவிக்கு ஆசைப்படுகிறவன் அல்ல. இப்போதைக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்பதால் மட்டுமே நிற்கிறேன். இந்த நேரத்தில், மைக் இல்லாமலே பேசத் தெரிந்த, இலக்கணம் அறிந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எவராவது திடீரென்று குடிவந்தால் பகுதியின் அமைதி கெட்டுவிடும் என்று பொதுவாகச் சொல்கிறேன். தங்களை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஆகவே தாங்கள் தற்போது இருக்கும் மூன்றாம் மாடியிலேயே காற்றோட்டமாக, சகல சௌபாக்கியங்களோடும் நீடூழி வாழவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கம். தங்கள் மகளும் என் மகனும் அடுத்த விடுமுறைக்கு வரும்போது தங்கள் வீட்டுக்கே முதலில் அனுப்பிவைக்கிறேன். தங்கள் ரத்தம் சீராகவும், தூக்கம் ஆழமாகவும், படிகள் குறைவாகவும் அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலனைத் தவிர வேறொன்றையும் நினையாத
சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க வெளியே வந்தேன். எதிர்வீட்டு வாசலில் லாரி. அதிலிருந்து தாங்களும் தங்கள் துணைவியாரும் இறங்குகிறீர்கள். வீட்டைப் பேசி முடித்து, சாவி வாங்கி, லாரிக்கும் சொல்லிவிட்டது என் வீட்டு அம்மாளும் தங்கள் மகளும்தானாம். எனக்கு மட்டும்தான் தெரியாதாம். “சம்பந்தி!” என்று தாங்கள் கூப்பிட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தாங்கள் பார்த்தீர்களே, இரண்டு பெட்டியையும் நானே தூக்கிக்கொண்டு ஓடினேன், முழங்கால் வலித்ததாகவே நினைவில்லை. இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆகையால் தங்கள் கதவிடுக்கில் செருகுகிறேன். தயவுசெய்து பின்குறிப்பை மட்டும் படிக்கவும். சாயங்காலம் தாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது குழுக் கூட்டம் நடந்தது. தங்களை ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முன்மொழிந்தது தங்கள் சம்பந்தியம்மாள். வழிமொழிந்தது நான்.